கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்தபோது

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அதிபர் அவர்களே, எங்களைப் படிப்பித்து ஓய்வுபெற்று இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சர்மாரே, சங்கத் தலைவி அவர்களே, ராத்தாமாரே, அக்காமாரே, தங்கச்சிமாரே, இந்த உரையை மலரில் வாசிக்கப்போகும் வெளியூர், வெளிநாட்டுச் சகோதரிகளே,

பெண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் முதலில் கேட்டார். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பற்றி நான் சொல்வதை உங்களில் பாதிப் பேர் மாதாமாதம் கிளினிக்கில் கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு வட்டிலப்பம் சாப்பிடப் போகிறீர்கள். அதனால் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். நான் பேசப்போவது ஒரு கொலையைப் பற்றி. நடந்து ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. கொல்லப்பட்டவர் சோழ இளவரசர் ஆதித்த கரிகாலர். கொன்றது யார் என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களே எத்தனையோ வருடம் சண்டை பிடித்திருக்கிறோம்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 ஒக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கி 1954 வரை ஓடியது. ஐந்து பாகங்கள். இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ பெரும்பாலும் நம் நாட்டில் நடக்கிறது. பூங்குழலியின் படகு கோடிக்கரையிலிருந்து இங்கேதான் வருகிறது. அனுராதபுரம், தம்பள்ளை, யானையிறவு, தொண்டைமானாறு எல்லாம் அதில் உண்டு. கல்கி ஓவியர் மணியத்தோடு இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். நம்முடைய கரைப்பக்கம் மட்டும் கதை வரவில்லை. வந்திருந்தால் வந்தியத்தேவனுக்கு மருதமுனைச் சாரம் ஒன்று கிடைத்திருக்கும்.

தொடராக வந்த காலத்தில் என் மூத்தம்மாவுக்குப் பதினைந்து, பதினாறு வயது. ஐந்தாம் வகுப்போடு பாடசாலையிலிருந்து மறித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நம்மூரில் அது வழக்கம். அவருடைய காக்கா வெளி விறாந்தையில் இருந்து கூட்டாளிமாருக்கு இதழைச் சத்தமாக வாசிப்பாராம். மூத்தம்மாவும் அவருடைய தங்கச்சிமாரும் கதவுக்குப் பின்னால் பாய் இழைத்தபடி கேட்பார்களாம். வெளியில் ஆண்கள் ஒரு முடிவுக்கு வந்தால், உள்ளே பெண்கள் வேறொரு முடிவு. உள்ளே சொன்னது வெளியே போகாது. மூத்தம்மாவின் கட்சி கடைசி வரைக்கும் ஒன்றேதான்: “அந்தப் புள்ளையை ஒருத்தரும் கொல்லல்ல மகள். அவன் சாகத்தான் அந்த ஊட்டுக்குப் போனான்.” எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் கரிகாலன் எந்த எந்த இடத்தில் என்ன சொன்னான் என்பதை வரிசையாகச் சொல்லி நிரூபிப்பார்.

எங்கள் காலம் தொண்ணூறுகள். மின்சாரம் இருந்த நாளைவிட இல்லாத நாளே ஞாபகம் இருக்கிறது. நூலகத்தில் முதல் நான்கு பாகங்களும் இருந்தன, ஐந்தாம் பாகம் இல்லை. கொழும்பிலிருந்து புத்தகம் வருவது அப்போது லேசான காரியம் இல்லை. நான்காம் பாகமான ‘மணிமகுடம்’ முடியும்போது கரிகாலன் உயிரோடுதான் இருக்கிறான். மேல்வகுப்பு ராத்தா ஒருவர் எங்கோ ஐந்தாவதை வாசித்திருந்தார். “கரிகாலன் மௌத்தாகிடுவான்” என்று ஒரு வார்த்தை சொன்னார். யார் கொன்றது என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கச்சான் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். கணக்குக் கொப்பி எழுதிக் கொடுத்தோம். சிரிப்புத்தான் மிச்சம்.

இரண்டு வருடம் நாங்கள் நான்கு பாகத்தை வைத்துக்கொண்டு ஐந்தாவதை ஊகித்தோம். வகுப்பே கட்சிகளாகப் பிரிந்தது. நந்தினி கட்சி, ரவிதாஸன் கட்சி, பழுவேட்டரையர் கட்சி. கந்தமாறன்தான் என்று தனியாக நின்ற ஒருத்தி இப்போது மெல்பேர்னில் கணக்காளராக இருக்கிறாள். பக்க எண் சொல்லாமல் பேசக்கூடாது என்பது எங்கள் சட்டம். தமிழ் டீச்சர் கண்டும் காணாமல் விட்டார். பிறகு உயர்தர வகுப்பில் இருந்தபோது ஒருத்தியின் மாமா கொழும்பிலிருந்து ‘தியாகச் சிகர’த்தைக் கொண்டுவந்தார். 91 அத்தியாயம். குப்பி விளக்கில் வரிசை போட்டு வாசித்தோம். வாசித்து முடித்த பிறகுதான் அந்த ராத்தாவின் சிரிப்பு விளங்கியது. கல்கி விடை சொல்லவே இல்லை!

இப்போது நான் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டதால், அந்த அத்தியாயங்களை ஒரு மரண விசாரணைக் கோவை போலத்தான் வாசிக்கிறேன். கடம்பூர் சம்புவரையர் மாளிகை. நந்தினியின் அறை. விளக்கு அணைந்து இருள் சூழ்ந்துவிடுகிறது. நந்தினியின் கையில் பாண்டியனின் வாள். பழிவாங்க வந்த ரவிதாஸன் கூட்டம் பக்கத்தில். வந்தியத்தேவன் யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருக்கிறான். காளாமுகர் வேடத்தில் வந்தவர் அவனுடைய கழுத்தை நெரிக்கிறார். அது பெரிய பழுவேட்டரையர் என்று பிறகுதான் தெரிகிறது. கண்ணால் கண்ட சாட்சி யாருமில்லை. அதன் பிறகு மாளிகை எரிந்துவிடுகிறது. சடலத்தை வெளியே தூக்கி வந்தவனே முதல் சந்தேக நபர். சட்ட வைத்திய அதிகாரி ஒருவருக்கு இதைவிட மோசமான நாள் வராது. காயத்தின் ஆழம் என்ன, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எறிந்த கத்தியா, குத்திய கத்தியா, தன் கையால் எட்டக்கூடிய இடமா என்று நாங்கள் பார்ப்பதில் ஒன்றைக்கூட கல்கி சொல்வதில்லை.

ஒப்புதல் வாக்குமூலம் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. வந்தியத்தேவனைக் காப்பாற்ற மணிமேகலை, தான் கொன்றதாகச் சொல்கிறாள். மணிமேகலையைக் காப்பாற்ற வந்தியத்தேவன் அதையே சொல்கிறான். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு உயிரை விடுகிறார். ஒரு சடலத்துக்கு மூன்று பேர் உரிமை கோருகிறார்கள், மூன்று பேரும் இன்னொருவர் மேலுள்ள பாசத்தாலோ தங்கள் மனச்சாட்சிக்காகவோ பேசுகிறார்கள். வாசகி யாரை நம்புவது?

கதையை விட்டு வரலாற்றுக்குப் போனால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கில் எழுதப்பட்டது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கதையில் வரும் ரவிதாஸனும் சோமன் சாம்பவனும் அங்கேயிருந்து வந்தவர்கள்தான். பட்டப் பெயர்களைக் கவனியுங்கள். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஒருவருக்குப் பாண்டிய வாசனையுள்ள பட்டம், இன்னொருவருக்குச் சோழ வாசனையுள்ள பட்டம். இரண்டு பேருமே அரசாங்கத்தில் பதவி வகித்தவர்கள். வெளியிலிருந்து வந்த பகையா, உள்ளேயிருந்து வளர்ந்த பகையா என்ற சண்டைக்கு விதை அந்த இரண்டு பட்டங்களில்தான் இருக்கிறது.

கொலை நடந்து 15 வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு இந்தக் கல்வெட்டு வருகிறது. இடையில் ஆண்டவர் உத்தம சோழர். அவர் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை, அப்படியானால் அவருக்கும் இதில் கை இருந்ததா என்ற சந்தேகத்தைப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுப்பினார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். பின்னாளில் குடவாயில் பாலசுப்ரமணியனும் கல்வெட்டை வரி வரியாக எடுத்து ஆராய்ந்தார். மறுத்தவர்களின் வாதம் எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அது ஒரு பத்திரத்தை அது எதற்காக எழுதப்பட்டதோ அதற்காக மட்டும் வாசிக்கச் சொல்கிறது. அந்தக் கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு இல்லை. நம் பாஷையில் சொன்னால் அது ஒரு காணி உறுதி. துரோகிகளிடமும் அவர்களுடைய உறவினரிடமும் பறித்த காணியை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலுக்குத் தர்மமாகக் கொடுக்கிறார், அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் விஷயம். காணி கைமாறிய வருடம் அதுவென்றால், தண்டனை கொடுத்த வருடமும் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. காணி வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பதை நம்மூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் சுவாரசியம். ராஜேந்திரன் காலத்தது, குடும்பத்தாரே எழுதி வைத்தது. பாண்டியனின் தலையைத் தலைநகரில் நாட்டிய பின் ஆதித்தன் வானுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று அதில் இருக்கிறது. கொலை என்ற பேச்சே இல்லை. மரணத்துக்கான காரணம்: வானுலகைக் காணும் ஆசை. சில குடும்பங்கள் என்னிடம் வந்து, சான்றிதழில் இதை எழுதாதீர்கள், அதை எழுதுங்கள் என்று கேட்கும்போது எனக்கு இந்தச் செப்பேடுதான் ஞாபகம் வரும்.

இவ்வளவு இடைவெளி இருந்தால் எழுத்தாளர்கள் சும்மா இருப்பார்களா? விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று கதையைத் தொடர்ந்தார். காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ குந்தவையின் பக்கமே விரலை நீட்டியது. நமது வகுப்பில் அந்தப் புத்தகத்தை மூன்று பேர் பாதியில் மூடிவிட்டார்கள். எனக்கும் அது ஒப்பவில்லை. லாபம் அடைந்தவரே செய்தவர் என்பது சந்தேகப்படத் தொடங்குவதற்கு நல்ல இடம், முடிப்பதற்குப் போதாது. பிறகு மணிரத்னத்தின் படங்கள், 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும். இரண்டாவது படம் காட்டிய விடை, கதவுக்குப் பின்னால் பாய் இழைத்த என் மூத்தம்மாவின் விடைக்குக் கிட்ட வந்து நின்றது. அன்று இரவு எங்கள் பெட்ச் வட்ஸ்அப் குழுவில் தோஹாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் குரல் பதிவுகள். பிள்ளைகள் தூங்கிய வீடுகளில் நாற்பது வயது தாண்டிய பெண்கள் ரகசியக் குரலில் ரவிதாஸனைத் திட்டிக்கொண்டிருந்தோம். மெல்பேர்ன்காரி இன்னும் கந்தமாறனை விடவில்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1870இல் இறந்தபோது ‘எட்வின் ட்ரூட்’ என்ற மர்மக் கதையைப் பாதியில் விட்டுப் போனார். 1914இல் லண்டனில் எழுத்தாளர்கள் கூடி, கதையின் சந்தேக நபரைக் கூண்டில் ஏற்றி வழக்கு நடத்தினார்கள். நீதிபதி செஸ்டர்டன், ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. கடைசியில் நீதிபதி, தன்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் நீதிமன்றத்தை அவமதித்ததாகத் தண்டனை கொடுத்துவிட்டு எழுந்து போனார். ஜோர்ஜ் மார்ட்டினின் வாசகர்கள் 2011இல் வந்த ஐந்தாம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறாவதற்குக் காத்திருக்கிறார்கள். ஐந்தாவதற்கு இரண்டு வருடம் காத்திருந்த எங்களுக்கு அவர்களுடைய கஷ்டம் புரியும்.

ஹாரி பொட்டர் கதை ஒன்றை என் மகள் சொன்னாள், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 2005இல் வந்த ஆறாம் புத்தகத்தில் ‘ஆர்.ஏ.பி.’ என்று மட்டும் கையொப்பமிட்ட ஒரு கடிதம். யார் அது? ஏழாம் புத்தகம் வர 2007 ஆகும். ரெகுலஸ் பிளாக் என்று ஒரு ஊகம் இருந்தது. ஊகம்தானே என்று விடாமல் வாசகர்கள் மற்றப் பாஷை மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பார்த்தார்கள். டச்சு மொழியில் பிளாக் என்ற குடும்பப் பெயரை ஸ்வார்ட்ஸ் என்று மாற்றியிருந்தார்கள். அதில் கையொப்பம் ஆர்.ஏ.இசட். நோர்வே மொழியில் ஸ்வார்ட், கையொப்பம் ஆர்.ஏ.எஸ். கடைசி எழுத்து குடும்பப் பெயரோடு சேர்ந்து மாறுகிறது. ஏழாம் புத்தகம் வந்தபோது ஊகம் சரியாகவே இருந்தது. கதைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்காமல், கதைக்கு வெளியே தனியாக ஒரு சோதனையைத் தேடினார்களே, அதுதான் என்னை அசத்தியது. காய்ச்சலோடு வரும் வயல்காரருக்கு டெங்குவா எலிக்காய்ச்சலா என்று நாங்கள் இரத்தம் எடுப்பதும் இதுவேதான்.

பொன்னியின் செல்வனில் நந்தினியின் தகப்பன் யார் என்ற கேள்விக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. ஊமை ராணிக்குப் பிறந்த பிள்ளைகள், இடம் மாறி வளர்ந்த மதுராந்தகன், பூக்காரியிடம் வளர்ந்த சேந்தன் அமுதன். பிறந்த பிள்ளை யாருடையது என்பதில்தான் அந்தக் கதையின் பாதி மர்மமும். நம்மூரிலும் அப்படி ஒரு கேள்வி எழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்முனையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தையை, 81ஆவதாகப் பதிந்த காரணத்தால், உலகமே எண்பத்தொராம் குழந்தை என்று கூப்பிட்டது. ஒன்பது தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரி நின்றது ஒரேயொரு தம்பதிதான். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதி செய்தது. மற்ற எட்டுத் தாய்மாரும் கதையில் வந்தவர்கள். ஆனால் இன்றும் யாரிடமாவது கேளுங்கள், ஒன்பது என்றுதான் சொல்வார்கள்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். கதையில் நாம் செய்கிற இதே வேலையை ஊரிலும் செய்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு இளம் பெண் திடீரென்று இறந்துபோனார். ஊரும் பெயரும் வேண்டாம். ஜனாஸா அடக்குவதற்கு முன்பே ஐந்து விதமான கதை போனில் ஓடிவிட்டது. புருஷனைப் பற்றி, மாமியைப் பற்றி, அந்தப் பிள்ளையைப் பற்றியே. பரிசோதனையில் கண்டது, மூளையில் பலவீனமாயிருந்த ஒரு இரத்தக் குழாய் வெடித்திருந்தது. அந்த அறிக்கையை ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை. கரிகாலனைப் பற்றி நாம் என்ன பேசினாலும் அவனுக்கு நோகாது. பழுவேட்டரையரின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் படிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பிள்ளைகள் நம் பாடசாலையில்தான் படிக்கிறார்கள். பக்க எண் சொல்லாமல் பேசக்கூடாது என்று பதினாறு வயதில் நாம் வைத்திருந்த சட்டத்தை நாற்பது வயதில் ஏன் கைவிட்டோம் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு தாய். கடல் அவருடைய மகனைக் கொண்டுபோனது. சடலம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் வந்து, காலியில் அவனைப் போல ஒரு பையனைக் கண்டோம், வெளிநாட்டில் யாரோ தத்தெடுத்ததாகக் கேள்வி என்று சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அவர் நகையை ஈடு வைத்து வாகனம் பிடித்துப் போவார், வருவார், வந்து என்னிடம் பிரஷர் மருந்து எடுப்பார். ஒரு நாள் கேட்டார்: “டொக்டர், நீங்க என்ன நினைக்கிறீங்க?” எனக்குத் தெரியாது உம்மா என்றேன். வேறு என்ன சொல்ல? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பிரஷரைப் பாருங்க என்று கையை நீட்டினார்.

1990இல் வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பாதவர்கள், 2004இல் கடல் திருப்பித் தராதவர்கள் என்று நம் கரையில், தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும், இப்படி முடியாத கேள்விகள் நிறைய. நம் நாட்டுச் சட்டத்தில் 2016 முதல் ஒரு சான்றிதழ் உண்டு. இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை, காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்துக் குடும்பத்தார் அலுவலக வேலைகளைப் பார்க்கலாம், மரணச் சான்றிதழ் எடுக்கும்படி அவர்களை நெருக்கத் தேவையில்லை. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு தாள் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இந்த மண்டபத்தில் பிரதேச செயலகங்களில் வேலை செய்யும் நம் தங்கச்சிமார் பலர் இருக்கிறீர்கள். கேட்டு வருபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கல்கிக்குத் திரும்புகிறேன். தொடர் முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. அவர் முடிவுரை ஒன்று எழுதி, வாசகர்களின் கேள்விகளை வரிசையாகப் போட்டு, யாருக்கு யாரோடு திருமணம், யார் பிறகு என்ன ஆனார்கள் என்றெல்லாம் சுருக்கமாகச் சொன்னார். கொன்றது யார் என்பதை மட்டும் தீர்த்து வைக்கவில்லை. அந்த வருடம் டிசம்பர் 5ஆம் திகதி அவர் காலமானார். டிக்கன்ஸைப் போல இவர் பாதியில் போனவர் இல்லை. முடித்துவிட்டு, இந்த ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர். கல்லில் பெயர்கள் இருந்தும், கொன்ற கையைக் காட்டாமல் விட்டார். பயந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று கேட்டால், வேண்டுமென்றே என்பது என் கட்சி. அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கொல்ல ஒரு காரணத்தையும், கொன்றதாகச் சொல்ல ஒரு காரணத்தையும் அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கியவர், மறந்துபோய் விடையை விட்டிருக்க மாட்டார்.

நமது நூலகத்தில் இப்போது ஐந்து பாகமும் இரண்டு பிரதி இருக்கின்றன. எங்கள் பெட்ச் வாங்கிக் கொடுத்தது. போன மாதம் போய்ப் பார்த்தேன். ஐந்தாம் பாகத்தில் அந்த அத்தியாயங்களுக்கு அருகே, பென்சிலால் ஓரத்தில் ‘ரவிதாஸன்!!’ என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ‘லூசு, 38ஆம் பக்கத்தைப் பார்’ என்று இருக்கிறது. நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது. யார் என்று கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள், அந்த இரண்டாமவளோடு பேசவேண்டும்.

தேநீர் தயாராகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார். தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு. ரவிதாஸன் கட்சி மேடைக்கு இடப்பக்கம், பழுவேட்டரையர் கட்சி வலப்பக்கம், நந்தினி கட்சி வாசல் பக்கம். நான் மூத்தம்மாவின் கட்சி, ஜன்னல் ஓரமாக நிற்பேன். கந்தமாறனுக்கு மெல்பேர்னிலிருந்து ஒரு வாக்கு ஏற்கனவே வந்துவிட்டது.